ரிஜெக்ட் சாரும் சந்தை உளியும்

ஓசூருக்குப் பிழைக்க வந்த அத்தனை பேரிலும், வாழ்நாளில் எந்தப் பொருளையும் பார்த்து 'நல்லா இருக்கு' என்று ஒரு தடவைகூடச் சொல்லாத மனிதர் ஒருவர்தான். பாகலூர் ரோட்டை விட்டு உள்ளே போனால் வரும் எங்கள் லைன் வீட்டில் அவர் குடியிருந்தார். அவருக்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர், அதுவும் உள்ளே பொள்ளலான சிமென்ட் கல்லில் கட்டியது. அந்தச் சுவர் வழியாக நான் பட்ட பாட்டை முழுசாக எழுதினால் இந்தப் பத்திரிகை எனக்காகத் தனி மலர் போட வேண்டியிருக்கும்.

கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் அவருக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, மயிரிழை பிசகினாலும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளுவார். அந்த வேலை மனுஷன் ரத்தத்திலேயே ஏறிவிட்டது. தள்ளுவண்டியில் தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, "ரிஜெக்ட், இது ரிஜெக்ட், இதுவும் ரிஜெக்ட்" என்று ஒதுக்கிவிட்டுக் கடைசியில் வண்டிக்காரரையே ஏற இறங்கப் பார்ப்பார். ஓட்டலில் தோசை வந்தால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "ஒரு பக்கம் கனம் ஜாஸ்தி" என்பார். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறீர்களா? பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டு, காபி வைத்த ஸ்டூல் ஆடுகிறதே என்று குனிந்து அதன் காலைப் பார்த்திருப்பார். இது என் ஊகம்தான், ஆனால் தப்பாக இருக்க வாய்ப்பில்லை.

அவருக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதில் நிஜப் பெயரை எல்லோரும் மறந்தே போனோம். ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்தபோது கூரியர் பையன் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றான். வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். "ஆ ஹெசரல்லி இல்லி யாரூ இல்லப்பா" என்று அடித்துச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பெயரில் இங்கே யாரும் கிடையாதாம். வந்தது ரிஜெக்ட் சாருடைய பார்சல்தான். அதைக் கேட்டும் மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை, "அட்ரஸ் சரியா எழுதியிருக்க மாட்டான்" என்று அனுப்பியவனை ரிஜெக்ட் செய்துவிட்டார்.

இப்படி ஊரில் உள்ளதையெல்லாம் ஒதுக்கித் தள்ளுகிறவர், தனக்கென்று எதை வாங்குவார் என்று நினைக்கிறீர்கள்? சந்தையில் தார்ப்பாய் விரித்துக் குவித்து வைத்திருப்பார்களே, சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட உளி, கோணல் ரம்பம், அடிப்பாகம் வளைந்த இழைப்புளி, அதைத்தான். தச்சு வேலை அவருக்குப் பைத்தியம். அதிலும் நல்ல விலைக்குக் கிடைக்கும் நல்ல உளி பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். தார்ப்பாய்க்காரருக்கு இவரைப் பல வருஷப் பழக்கம். மற்றவர்களிடம் 'முதல் தரம்' என்று கூவுகிற ஆள், இவரைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "சார், இந்த இழைப்புளி அடியில வளைஞ்சிருக்குது சார்" என்றார்.

"அப்படியா? எத்தினி வளைஞ்சிருக்கு?"

"நல்லாவே வளைஞ்சிருக்குது சார். தகடும் மொக்கை."

"குடு, குடு!" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறந்த குழந்தையை வாங்குகிற பதனம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், ஊரையெல்லாம் ரிஜெக்ட் பண்றீங்க, இந்தக் குப்பைய மட்டும் காசு குடுத்து வாங்கறீங்களே?"

"இது குப்பை இல்ல தம்பி. செஞ்சவன் பாதியில வுட்டுட்டான், அவ்வளவுதான். மீதிய நாம முடிக்கணும். ரிஜெக்ட் வேற, ரீவொர்க் வேற. கம்பெனியில இருக்கறீங்க, இதுகூடத் தெரியாதா?"

அந்த 'மீதி' இருக்கிறதே, அதுதான் என் உயிரை எடுத்தது. எனக்கு வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். விடியற்காலை வந்து படுத்தால்தான் தூக்கம். அவருக்கு லீவு நாள் என்றால் அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் 'சர்ர்ர்க்... சர்ர்ர்க்...' என்று ஆரம்பிக்கும். உடைந்த பீரோக் கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் உளியின் முதுகை வைத்துத் தேய்ப்பார். முதுகு சமமாக இல்லாவிட்டால் முனையை எத்தனை தீட்டினாலும் பிரயோசனமில்லையாம். தேய்த்துக்கொண்டே இருப்பார், அதில் அவர் மூக்கு தெரிகிற வரைக்கும். அதன்பிறகு தண்ணீர் தொட்டுக் கல்லில் முனையின் சரிவைத் தீட்டுவார். "மலிவு இரும்பு மிருது தம்பி. ரொம்ப ஒல்லியா சீவினா முனை மடங்கிரும். சரிவைக் கொஞ்சம் தடிப்பா வச்சா நிக்கும்" என்பார். கடைசியில் பழைய தோல் பெல்ட்டைக் கதவில் கட்டி அதில் முன்னும் பின்னுமாக இழுப்பார். இது முடிந்ததென்று நான் கண்ணை மூடினால், ரம்பத்துக்கு முக்கோண அரம் போட ஆரம்பித்துவிடுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அப்புறம் எந்த நரகத்துக்கும் பயப்பட மாட்டான்.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க அவருக்கு ஒரே பரீட்சைதான். உளியை முன்னங்கையில் வைத்து முடியை மழிப்பார். வழித்துக்கொண்டு வந்தால் பாஸ். இதனால் இடது கை வழுக்கை. பிறகு வலது கையும் வழுக்கை. கையில் முடி தீர்ந்துபோன மனிதன் என்ன செய்வார்? ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். கையில் ஏதோ ஜில்லென்று பட்டது. கண்ணைத் திறந்தால், பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முன்னங்கையை மழித்துக்கொண்டிருக்கிறார்!

"ஐயோ, என்ன சார் இது!"

"அசையாதீங்க தம்பி. உங்களுக்கு நல்ல முடி" என்று பாராட்டினார். அதுவரை நான் கேட்டதில் அவர் வாயிலிருந்து வந்த பாராட்டுக்கு மிக நெருக்கமான வார்த்தை அதுதான். கொஞ்ச நாளில் லைன் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் ஒரு கை வழுக்கை. வெளியாள் யாராவது வந்தால் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குப்பையை வைத்துக்கொண்டு மனுஷன் செய்த வேலை சாமானியமானதல்ல. வெளிநாட்டிலிருந்து சிப்காட்டுக்கு மெஷின் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளைக் காயலான் கடையில் வாங்கி வருவார். இழைப்புளியின் அடியில் மெழுகுவர்த்தியைத் தடவிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தால், பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சீவல் அறுபடாமல் சுருண்டு வரும். அதன் வழியாகப் பார்த்தால் எதிர் வீட்டு ஓனரம்மா தெரிவார். லைன் வீட்டில் அலமாரி, மணை, மிதியடி வைக்கிற ஸ்டாண்டு எல்லாம் அவர் கைவேலைதான்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் மஞ்சுளா இருந்தாள். வேப்பனப்பள்ளிப் பக்கம் சொந்த ஊர், வீட்டில் தெலுங்கு. கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். இவள் ஒரு தொழிற்சாலையில் ஒயர் பூட்டும் லைனில் கான்ட்ராக்ட் வேலை செய்தாள். ஒரு தடவை ரிஜெக்ட் சாரிடம் பூரிக்கட்டை செய்து தரச் சொன்னாள். சொன்ன நேரம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கட்டையைச் செய்து, அளந்து, நடுவில் ஒரு நூல் தடிப்பு என்று சிவப்புக் குறி போட்டு அடுப்புக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், அது சமமா இல்லையான்னு மாவுக்குத் தெரியப் போகுதா?" என்று மஞ்சுளா கேட்டேவிட்டாள்.

"மாவுக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியுமே!"

அவள் அடுப்புக்கென்று தள்ளிய கட்டைகளில் ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்துவந்து அதில்தான் வருஷக்கணக்காகச் சப்பாத்தி தேய்த்தாள். அவருக்கும் கொடுத்தனுப்புவாள். அவரும் ஓரம் கிழிந்திருக்கிறதென்று ரிஜெக்ட் சொல்லிவிட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

உளியை மட்டும் யாருக்கும் இரவல் தர மாட்டார். முதல் வீட்டுக்காரர் ஒருதரம் கேட்காமல் எடுத்துப் போய், அதால் பெயின்ட் டப்பா மூடியை நெம்பிவிட்டார். ரிஜெக்ட் சார் திட்டவில்லை. முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உளி செதுக்கத்தான் தம்பி, நெம்பறதுக்கு இல்ல" என்றார். அப்புறம் பல நாள் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துஷ்டி வீட்டு முகம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்.

இனி குளியலறைக் கதவுக்கு வருகிறேன். லைன் வீட்டுக்கெல்லாம் பொதுவாகக் குளியலறை. அதற்குத் தகரக் கதவு, அதில் பார்த்த இடமெல்லாம் ஓட்டை. பெண்கள் உள்ளே போனால் கயிற்றில் ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. ஓனரம்மாவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் மஞ்சுளாதான் ரிஜெக்ட் சாரிடம் போய் நின்றாள். "நீங்கதான் சார் ஒரு கதவு பண்ணிக் குடுக்கணும். ஓட்டை ஒடசல் இருக்கவே கூடாது."

அவ்வளவுதான், மனுஷனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. கோடை முழுக்க வேலை நடந்தது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு. கீல்கூட வெளியே தெரியாதபடி உள்ளே புதைத்தார். கைப்பிடிக்கு ஒரு மரக் குமிழ், அதையும் உப்புத்தாளால் கண்ணாடியாகத் தேய்த்தார். கதவை மாட்டிய அன்று, இரண்டு இரும்புத் துண்டுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் மெல்லிய தகடு உண்டே, அதைக் கொண்டுவந்து நிலைக்கும் கதவுக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. லைன் வீடே கைதட்டியது. நாங்கள் எல்லோருமே தொழிற்சாலை ஆட்கள். இடைவெளி என்றால் கோளாறு, இடைவெளி இல்லை என்றால் வேலை சுத்தம், இதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மஞ்சுளா கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரமே காட்டினாள். குளியலறைக் கதவுக்குக் கற்பூரம் காட்டிய ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இரும்பு மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும், அளவு மாறாது. மரம் அப்படியில்லை, தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் ஊதும். ஆசாரி வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம், ஏசி அறையில் உட்கார்ந்து பல்சக்கரம் அளக்கிறவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று கைதட்டிய எங்களுக்கும் தோன்றவில்லை.

மழைக்காலம் வந்தது. பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிற மழை கொட்டித் தீர்க்காது, நசநசவென்று நாள் கணக்கில் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு காலையில் நான் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன். குளியலறையிலிருந்து 'டொம் டொம்' என்று இடிக்கிற சத்தம்.

"அண்ணா! அண்ணா! கதவு தெறக்க மாட்டேங்குது!"

மஞ்சுளாவின் குரல். அன்றைக்கு அவளுக்கு இன்டர்வியூ. அதை லைன் வீடு முழுக்க அறியும். எத்தனையோ வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தவளைப் பர்மனென்ட் ஆக்க முதல் தடவையாகக் கூப்பிட்டிருந்தார்கள். பர்மனென்ட் என்றால் பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கலாம். பகல் ஷிஃப்ட் கிடைத்தால், வேப்பனப்பள்ளியில் அம்மாவிடம் விட்டுவைத்திருக்கும் மகளைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ளலாம். நாலு வயசுக் குழந்தை, போனில் மட்டும் அம்மா முகத்தைப் பார்த்து வளர்ந்துகொண்டிருந்தது. கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வரும் நேரம் நெருங்கியிருந்தது. குளித்து, புதுப் புடவையும் கட்டிக்கொண்டு, தாழைத் திறந்து தள்ளினால் கதவு அசையவில்லை.

நான் ஓடிப்போய்க் குமிழைப் பிடித்து இழுத்தேன். மழை ஈரத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. அத்தனை வழவழப்பாக இழைத்திருக்கிறாரே மனுஷன், பிடி கிடைத்தால்தானே! முதல் வீட்டுக்காரர் துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தார், துண்டுதான் கையோடு வந்தது. ஒருத்தர் கடப்பாரை கொண்டுவந்தார். அதன் முனை நுழைய ஒரு இடம் வேண்டுமே! இடமே விடாமல் செய்த கதவல்லவா அது? சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவைத்தார். ஓனரம்மா குடையோடு வந்து, "அய்யோ ராமா, பாகிலு ஒடீபேட்ரப்பா!" என்று கத்தினார். உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள், இந்தம்மாவுக்குக் கதவை உடைக்கக் கூடாதாம்.

அதற்குள் ரிஜெக்ட் சார் வந்துவிட்டார். பனியன், லுங்கி, கையில் அந்த மெல்லிய தகடு. கதவோரத்தில் மேலிருந்து கீழ்வரை நுழைத்து நுழைத்துப் பார்த்தார்.

"எங்கியுமே போகலையே!" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் மனுஷன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. எனக்கு அவரை அங்கேயே ஒரு அறை விடலாமா என்றிருந்தது.

"சார், ஏதாவது பண்ணுங்க சார்!" உள்ளேயிருந்து மஞ்சுளா.

"மரம் ஊதியிருக்கும்மா. கொஞ்சம் வெயில் வந்தா தானா..."

"வெயிலு வர்ற வரைக்கும் பஸ்ஸு நிக்குமா சார்? தேவுடா! நீங்களும் உங்க கதவும்!"

"எந்த இடத்துல பிடிக்குதுன்னு மட்டும் தெரிஞ்சா, அந்த இடத்த இழைச்சு..."

"இழைக்காதீங்க சார்! தெறங்க!" என்று கத்தினாள். அப்புறம் கதவில் மெல்லத் தட்டிக்கொண்டே சொன்னாள். "பாப்பாகிட்ட நேத்து போன்ல சொல்லிட்டேன் சார். கூட்டிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டேன்."

மெயின் ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ரிஜெக்ட் சார் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த தகட்டை என்னிடம் நீட்டிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். வரும்போது ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் உளி. எந்த உளி தெரியுமா? சந்தையில் அவர் முதன்முதலில் வாங்கியது. ஓசூருக்கு வந்த புதிதிலிருந்து தீட்டித் தீட்டி முனை வாழையிலைப் பதத்துக்கு மெலிந்துபோயிருந்தது. அதை வேலைக்குக்கூட அடிக்கடி எடுக்க மாட்டார், துடைத்து எண்ணெய் பூசித் துணியில் சுற்றித்தான் வைத்திருப்பார்.

"தள்ளி நில்லும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார். தகடு நுழையாத அந்தப் பொருத்தில் உளி முனையை வைத்து இரண்டு தட்டு தட்டினார். மரத்தைக் கீறிக்கொண்டு உள்ளே இறங்கியது. அடுத்து இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து, முழு உடம்பையும் சாய்த்து நெம்பினார்.

ஆமாம், நெம்பினார். பெயின்ட் டப்பாவை நெம்பியதற்குப் பல நாள் முகம் கொடுக்காத அதே மனுஷன்.

'படக்'கென்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது. உளியின் முனை ஒடிந்து சேற்றில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். அவர் பார்க்கவேயில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

"ஏறும்மா. பஸ் போயிருக்கும்."

"சார், பனியனோட இருக்கீங்க!"

"உனக்குத்தான் இன்டர்வியூ. எனக்கா? ஏறு!"

அப்புறம் நடந்தது மஞ்சுளா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டில் செக்யூரிட்டி, நேரமாகிவிட்டது என்று தடுத்திருக்கிறார். ரிஜெக்ட் சார் நனைந்த பனியனோடு அவர் முன்னால் போய் நின்று, "தப்பு இந்தப் பொண்ணு மேல இல்ல. கதவு செஞ்சது நானு. என்மேல எழுதிக்கங்க" என்றாராம். எந்தக் கதவு, எதை எழுதிக்கொள்வது, ஒன்றும் புரியாமல் அந்த செக்யூரிட்டி விழித்திருக்கிறார். இவரோ அவர் உள்ளே போன் போடும் வரை நகரவில்லை. மஞ்சுளாவை உள்ளே விட்டார்கள். அவள் திரும்பி வெளியே வந்தது மத்தியானத்துக்கு மேல். அப்போதும் அவர் எதிர்ப்பக்க டீக்கடைத் தாழ்வாரத்தில் லுங்கி பனியனோடு நின்றுகொண்டிருந்தாராம். அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. அவருடைய சர்வீஸில் சொல்லாமல் லீவு போட்டது அந்த ஒரு நாள்தான் என்று அப்புறம் தெரிந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"லெட்டர் வரும்னு சொன்னாங்க சார்."

"நல்லதா சொன்னாங்களா, சும்மா சொன்னாங்களா?"

"தெரியல சார்."

அன்று சாயங்காலமே அவர் கதவைக் கழற்றினார். சிவப்பு மையை எடுத்து அதன் நடுவில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். லெட்டர் வரும் வரைக்கும் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் வேலைவிட்டு வந்ததும் முதலில் கடைசி வீட்டு வாசலில் நின்று, கேட்காமல் பார்ப்பார். மஞ்சுளா இல்லையென்று தலையை ஆட்டுவாள். அவர் போய் அந்தக் கதவோரத்தை இன்னும் ஒரு இழுப்பு இழைப்பார். இப்படியே இழைத்து இழைத்து, கடைசியில் மாட்டியபோது ஒரு விரலே நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. நல்லவேளையாக லெட்டர் வந்துசேர்ந்தது, இல்லையென்றால் கதவே மிஞ்சியிருக்காது. பர்மனென்ட் ஆகிவிட்டது. மஞ்சுளா வாசலில் நின்று தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றிலும் அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

முதல் பர்மனென்ட் சம்பளத்தில் மஞ்சுளா என்ன செய்தாள் தெரியுமா? பெங்களூருக்குப் போய்க் கடை கடையாக ஏறி, வெளிநாட்டு உளி ஒன்று வாங்கிவந்தாள். அழகான மரப்பெட்டி, உள்ளே மெத்தை, மெத்தையில் உளி. பளபளவென்று முகம் பார்க்கலாம். பாப்பா கையில் கொடுத்து அவரிடம் நீட்டச் சொன்னாள். லைன் வீடே கூடி நின்றது.

இந்த மனுஷன் இதையும் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதாவது சொல்லிவைத்தால் அந்தப் பெண் மனசு என்ன பாடுபடும்? அவர் உளியை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து முதுகைப் பார்த்தார். கட்டைவிரலால் முனையைத் தடவினார். பழக்க தோஷத்தில் என் கையை இழுத்து ஒரு இழுப்பு இழுத்தார். முடி அத்தனையும் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. தேய்க்க ஒன்றுமில்லை, தீட்ட ஒன்றுமில்லை, எல்லாம் கடையிலேயே முடிந்திருந்தது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"எப்படி சார் இருக்கு?" என்றாள் மஞ்சுளா.

அவர் பாப்பாவைப் பார்த்தார். அப்புறம் மஞ்சுளாவைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

ஓனரம்மா குங்குமம் எடுக்க உள்ளே ஓடினார்.

மறுநாள் எனக்கு மறுபடி நைட் ஷிஃப்ட். சாயங்காலம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். பக்கத்து வீட்டு வாசலில் 'சர்ர்ர்க்... சர்ர்ர்க்...' ஆரம்பித்தது. இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி, காதைக் கிழித்தது. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்து போனேன். ரிஜெக்ட் சார் வாசல் சிமென்ட் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்த வெளிநாட்டு உளி. அதன் முனையைப் படியில் வைத்துக் கரகரவென்று தேய்த்து மழுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயோ சார்! பைத்தியமா உங்களுக்கு? ஆசையா வாங்கிக் குடுத்திருக்கா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். திருடும்போது பிடிபட்ட முகம்.

"சத்தம் போடாதீங்க தம்பி, அவளுக்குக் கேட்டுறப் போகுது. அந்தப் பொண்ணு எனக்குன்னு குடுத்தது. எவனோ தீட்டின கூர்லயா நான் வச்சுக்கறது? என் கை பட வேணாமா?"

சண்டை போட வந்த நான் கதவோரம் கிடந்த தீட்டுக்கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் தீட்டத் தீட்ட, ஷிஃப்டுக்கு நேரமாகும் வரை கல்லில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.